துணைக்கால்

ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் குட்டிக் கடுகும் சுகம்தானே. இங்கே எனக்குத்தான் மூக்கு ஒழுகுகிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிக் கடிதம்தான் என்று சட்டம் போட்டவள் நீ. கடிதத்தில் சண்டை போட்டால் போய்ச் சேரவே நாலு நாள் ஆகும். அதற்குள் கோபம் ஆறிவிடும். மருமகள் பிறந்து மூன்று வாரமாகியும் தாய்மாமன் எட்டிப் பார்க்கவில்லை என்று மாமா சொல்லிக்காட்டியிருப்பார். இப்போதைக்கு வர மாட்டேன். காரணம் கீழே.

அச்சகத்தில் நான் புரூஃப் பார்க்கும் அறை உனக்குத் தெரியாது. ஜன்னல் இல்லை. மூன்று மேசை, ஒரு குழல்விளக்கு. வாசலில் ஒரு தகரப் பெட்டி. போன்களை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூன்று பேரில் ஒருவர் காய்ச்சலில் லீவு. மற்ற இருவரும் இருமுகிறோம். மூத்தவருக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம், மூச்சு விடும் இடமெல்லாம் ஒன்று போடுவார். நேற்று என்னிடம், "நீ தும்முறதுல ஒரு நிறுத்தக்குறிகூட இல்லையேப்பா" என்றார்.

சுகாதாரத் துறைக்கு ஒரு மஞ்சள் தாள் அடித்தோம். பச்சைக்குழந்தைகளைப் பிடிக்கும் ஒரு மூச்சுக் கிருமியைப் பற்றியது. படித்த பிறகுதான் தோன்றியது, என் மூக்கில் இருப்பதும் அதுவாக இருக்கலாம். பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். மாதம் நிறையாமல் பிறந்த கடுகு போன்றவர்களுக்கு, நுரையீரலின் கடைசிச் சின்னக் குழாய்வரை இறங்கி அடைத்துவிடும். அதனால்தான் வரவில்லை.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் தொடவில்லை, சளி இல்லாத பைண்டிங் அக்காவை விட்டு உறைக்குள் போடச் சொன்னேன். பட்டியலில் ஒரு சொல் மட்டும் வரிசை தப்பி நின்றது, சரிசெய்தேன். நூற்றொரு டிகிரி காய்ச்சலில் பார்த்த புரூஃப். இருந்தும் ஒரு பிழை கிடையாது. நம்பிப் படி.

உன் தம்பி

*

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

தும்மல் நின்றதா? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை டீயிலேயே உயிர் வாழ்கிறாயா? இங்கே மூவரும் நலம். மாமா சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார், திரும்ப மூன்று வாரம் ஆகும். ஆகவே இருவரும் நலம்.

உன் மஞ்சள் தாளை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். எழுதி ஒட்டினால் எவரும் படிப்பதில்லை என்று தெரியும். ஆனால் இதை நான் படிக்கிறேன். பால் கொடுக்கும்போது கண் அதில்தான் இருக்கிறது. தம்பி பார்த்த எழுத்து என்று ஒரு தெம்பு.

வருகிறவர்கள் எல்லோரையும் கை கழுவ வைக்கிறேன். கீழ்வீட்டுப் பம்பு அண்ணன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர், விரலெல்லாம் கிரீஸ். இரண்டு முறை கழுவச் சொன்னேன். "ஏம்மா, புள்ளையத்தானே பாக்க வந்தேன், ஆபரேஷனா பண்ணப்போறேன்?" என்றார். மூன்றாவது முறையும் கழுவினார்.

நேற்று கவுன்டரில் என்னுடன் வேலை பார்ப்பவள் வந்தாள். மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டால், "தூசி ஒத்துக்கலடி, சளியெல்லாம் இல்ல" என்கிறாள். நான் திரும்புவதற்குள் கடுகின் முஷ்டிக்கு முத்தம் கொடுத்துவிட்டாள். ஈரத்துணியால் துடைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

ஆனாலும் தூசிதானே, இல்லையா?

அக்கா

*

ஜனவரி 19

தம்பிக்கு,

உன் உடம்பு தேவலையா?

கடுகுக்குச் சளி. இன்று மூன்றாம் நாள்.

முதல் நாள் தும்மல். நேற்றிலிருந்து இருமல். காய்ச்சல் அதிகமில்லை, அதுதான் ஆறுதல். தாளில் சொன்னபடி மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு உறிஞ்சி எடுக்கிறேன். பால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இருந்தும் பாதிதான் குடிக்கிறாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நனையும் துணிகள் குறைந்துவிட்டன.

தூங்கும்போது மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு அறுபத்துநாலு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். அறுபத்தாறு.

கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று செருப்புவரை போட்டேன். பிறகு தாளைப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் சளி உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானே இறங்கும் என்று இருக்கிறது. அதற்கு அடுத்து, "மூச்சு வேகமானாலோ பால் குறைந்தாலோ ஐந்தாம் நாள்வரை காத்திருக்க வேண்டும்" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. செருப்பைக் கழற்றினேன்.

இன்னும் இரண்டு நாள்தானே. காத்திருக்கிறேன். இதை எழுதினால் நேரம் போகும் என்று எழுதுகிறேன். பம்பு அண்ணன் தபாலில் போடுகிறேன் என்றார்.

அக்கா

*

ஜனவரி 23

அக்கா,

போனில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. ஐந்தாம் நாள் என்ற வரியைப் படித்ததும் கோப்பு அறைக்குப் போனேன். ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

20ஆம் தேதி நீ மூன்று முறை கூப்பிட்டிருந்தாய். போன் தகரப் பெட்டிக்குள் இருந்தது. மாலையில் பார்த்தும் நான் திருப்பிக் கூப்பிடவில்லை. சண்டைக்கு என்று நினைத்தேன். அவளுக்கு மூச்சுக்காற்று கொடுக்கிறார்கள் என்று இன்று நீ சொன்னபோது, நான் கேட்க நினைத்தவை எல்லாம் மறந்துவிட்டன.

ஒன்று மட்டும் செய். அந்த மஞ்சள் தாளைக் கிழித்துப் போட்டுவிடு. அச்சு சரியாக வரவில்லை. வேறு அனுப்புகிறேன்.

நீ சாப்பிடுகிறாயா?

தம்பி

*

ஜனவரி 29

தம்பிக்கு,

நான் சாப்பிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? கையெழுத்து சரிந்து கிடக்கிறது.

அன்று போனில் "ஆஸ்பத்திரிக்குப் போ, இப்பவே போ" என்று கத்தினாய். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்கு நீ இடம் கொடுக்கவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நாலாம் நாள் மதியம் பம்பு அண்ணன் ஏதோ கேட்க மேலே வந்தார். கடுகு என் மடியில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, சட்டையத் தூக்கு."

தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. மூச்சு விடும்போது ஒரு சின்ன முனகல்.

"நாளைக்குத்தான் அஞ்சாம் நாள். தாள்ல போட்டிருக்கு" என்றேன்.

"தாளு கெடக்குது. லைன் அடைச்சா மோட்டார் இப்படித்தான் வேகமா ஓடும். தண்ணி ஏறாது. அப்புறம் டப்புனு நின்னுடும். வண்டிய எடுக்கிறேன், இறங்கி வா."

அந்த வேனில் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். வழியில் ஒருமுறை அவள் மூச்சு நின்றது. நான் எண்ணிக்கொண்டிருந்ததால் தெரிந்தது. நாலு எண்ணியதும் மறுபடி வந்தது.

மூக்கில் மெல்லிய குழாய் வைத்தார்கள். இன்னொரு குழாயில் பால். சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மருந்து என்ன என்று கேட்டேன். டாக்டர் என்னைவிடச் சின்னவள். "இது வைரஸ். ஆன்டிபயாடிக் கேக்காது. இதுக்குன்னு தனியா மருந்து கிடையாதும்மா. அவளே சண்டை போட்டு ஜெயிக்கணும். நாங்க மூச்சுக்குத் துணை நிக்கிறோம், அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு, "ஏன் இத்தனை நாள் காத்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை.

நேற்று குழாயை எடுத்தார்கள். தானே குடிக்கிறாள்.

தாளை ஏன் கிழிக்கச் சொன்னாய்?

அக்கா

*

பிப்ரவரி 5

அன்புள்ள அக்கா,

அவள் தானே குடிக்கிறாள் என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன். எனக்கு இருமல் போய்விட்டது. காற்புள்ளிக்கு இன்னும் இருக்கிறது.

இங்கே எழுத ஒன்றுமில்லை. குழல்விளக்கு மின்னுகிறது. மாற்றச் சொல்லி மூன்று வாரம். முதலாளி புது மேசை வாங்கியிருக்கிறார், அவருக்கு. பள்ளிப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது, வேலை அதிகம். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. காற்புள்ளி, "என்னப்பா, அரிச்சுவடியிலேர்ந்து ஆரம்பிச்சிட்டியா?" என்கிறார்.

கடுகுக்கு ஒரு ஜோடி காலுறை அனுப்புகிறேன். துவைத்துப் போடு. கடைக்காரர் தும்மினார்.

அந்தத் தாள் எத்தனை அடித்தீர்கள் என்று கேட்டாயல்லவா. பன்னிரண்டாயிரம். பிரசவ வார்டுகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் போனது.

இல்லை, நீ அதைக் கேட்கவில்லை. கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ கேட்டது வேறு.

அறையில் இருப்புக் கொள்ளவில்லை. தெருவில் நடக்கப் போகிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலுறை பெரிது. இருந்தும் போட்டுவிட்டேன்.

மாமா வந்துவிட்டார். சுகமாக இருக்கிறார், கோபமாக இருக்கிறார். "புள்ள மூச்சு தெணறுது, நீ காலண்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா?" என்று ஒரே கேள்வியைத்தான் ஆறு நாளாக வேறு வேறு அறையில் நின்று கேட்கிறார். நான் கடுகைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அவள் குழந்தைக்கு ஆறு வாரம். சரியாக ஐந்தாம் நாள் காலையில் கொண்டுவந்தாள். உதடு நீலமாக இருந்தது. குழந்தையை உடனே வேறு மாடிக்கு எடுத்துப் போனார்கள். ஓடும்போது அவள் கைப்பையைக் கட்டிலில் விட்டுவிட்டாள். பையிலிருந்து பாதி வெளியே தெரிந்தது, நாலாக மடித்த மஞ்சள் தாள்.

பையை நர்ஸ் எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நேராக எழுதுகிறேன்.

கையெழுத்துப் பிரதியில் "ஐந்தாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்" என்று இருந்தது. எழுத்துக் கோத்தவரும் வேண்டாம் என்றுதான் கோத்திருந்தார். அதற்கு மேலே ஒரு பட்டியல். கை கழுவ வேண்டும். சளி உள்ளவர்கள் விலகி இருக்க வேண்டும். குழந்தை அருகில் புகை பிடிக்காமல் இருக்க வேண்டும். தாய்ப்பால் தொடர வேண்டும். இப்படி ஏழு வேண்டும். எட்டாவது மட்டும் வேண்டாம். காய்ச்சலில் எனக்கு அது வரிசை தப்பிய சொல்லாகத் தெரிந்தது. சிவப்புப் பேனாவால் சுழித்து வேண்டும் ஆக்கினேன். அடியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்குப் பெருமையாகக் கடிதமும் எழுதினேன்.

பள்ளியில் படித்திருப்பாய். டகரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டால் டா. அது ஒரு கோடு, நகக்கண் அளவுகூட இல்லை. அதைத்தான் எடுத்துவிட்டு டு ஆக்கினேன்.

கடுகைத் தொட்டுவிடக் கூடாது என்று விலகி இருந்தேன். உறையைக்கூடத் தொடவில்லை. காய்ச்சல் என் மூக்கு வழியாக வராமல் பேனா வழியாக வந்தது.

இது ஜனவரி 23 பகல் பன்னிரண்டு மணிக்கே எனக்குத் தெரியும். பிப்ரவரி 15வரை சொல்லவில்லை. இருபத்து மூன்று நாள். குழந்தை பிழைத்துவிட்டாள் என்று ஒரு நாள். நாளைக்குச் சொல்லலாம் என்று மீதி நாள்கள். மற்ற பிரதிகளைப் பற்றி நினைக்காமல் இருக்கத் தெருத்தெருவாக நடந்தேன். எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு மருந்துக் கடை இருந்தது.

நேற்று உன் கடிதம் வந்தது. மடித்த தாள் என்று படித்தேன். புரூஃப் பிரதியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"ஒரு எழுத்துய்யா. எவன் உக்காந்து படிக்கப்போறான்?" என்றார்.

"எங்கக்கா படிச்சா."

அவர் கொஞ்ச நேரம் புது மேசையைத் தடவினார். "இத வெளிய சொன்னா அடுத்த ஆர்டர் வராது. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். இந்த ஒரு தடவை சரியான சொல்லைச் சொன்னேன்.

அங்கிருந்தே துறைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். எல்லா வார்டுக்கும் தகவல் போய்விட்டது. தாள்களைத் திரும்பப் பெறப் போகிறார்கள். அவர்களிடம் ஆள் போதாது. நானும் போகிறேன்.

மாமாவிடம் சொல். உன்னைக் கேட்கும் கேள்வியை என்னைக் கேட்கட்டும்.

தம்பி

*

மார்ச் 2

அக்கா,

நீ எழுதவில்லை. எழுதாதது சரிதான்.

கடைகடையாகப் போகிறேன். சில இடங்களில் தாளை வாங்கிக்கொள்கிறேன். சில இடங்களில் தவறான சொல்லின் மேல் ஒட்டுத்தாள். கட்டைவிரல் நகம் அளவு, அதில் ஒரே சொல். காற்புள்ளி வேலை முடிந்ததும் என்னுடன் வருகிறார், தன் கையால் வெட்டிக் கொடுக்கிறார். "என் வாழ்க்கையிலேயே காற்புள்ளி இல்லாம வந்த முதல் வாக்கியம்பா இது" என்றார்.

ஒரு கடைக்காரர் தாளை மாத்திரை மடிக்கப் பயன்படுத்திவிட்டாராம். மடித்துக் கொடுத்தவை எந்த வீடுகளில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. எட்டாயிரத்துச் சொச்சம் கிடைத்திருக்கிறது. நடக்கும்போது மற்றவற்றைத்தான் எண்ணுகிறேன். ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு அலமாரிக் கதவு தெரிகிறது.

பதில் வேண்டும் என்று எழுதவில்லை.

தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

முதல் சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். மேலே பார்த்தால் தெரியும். உடம்பைக் கவனித்துக்கொள்கிறாயா? வெயிலில் நடக்கிறாய் என்று நினைக்கிறேன்.

எனக்கு முன்பே தெரியும்.

கடுகைச் சேர்த்த மறுநாள், பால் கொடுப்பது பற்றிப் படிக்கலாம் என்று, கிளம்பும் அவசரத்தில் கதவிலிருந்து பிய்த்துப் பையில் போட்ட தாளை எடுத்தேன். அந்த வார்டுச் சுவரில் இதே விஷயம் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கியது. அதில் காத்திருக்க வேண்டாம். என் தாளில் வேண்டும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். டிக்கெட்டில் ஊர் மாறிப்போனால் எனக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தாளின் அடியில் உங்கள் அச்சகத்தின் பெயர் இருந்தது.

டாக்டர் ஏன் காத்திருந்தாய் என்று கேட்டது அதற்குப் பிறகு. தாள் என் மடியில்தான் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்று சொல்லியிருந்தால், அந்தச் சின்னப்பெண் வருவதற்கு முன்பே எல்லா வார்டுக்கும் போன் போயிருக்கும். தம்பி என்பதால் சொல்லவில்லை. நீ கடிதத்தில் கிழிக்கச் சொன்னபோது, உனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அதனால் கிழிக்கவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். அதற்குத் தாள் சொல்லவில்லை, நானாகத்தான் காத்திருந்தேன். உன் இருபத்து மூன்று நாளில் என் நாளும் இருக்கிறது. அதனால்தான் உனக்குப் பதில் எழுத வரவில்லை. உன்னைத் திட்ட ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் நான் வந்து நின்றேன்.

போன வாரம் கடுகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். மேல்மாடிக்குப் போய் அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பற்றிக் கேட்டேன். நர்ஸ், "போயிட்டாங்கம்மா" என்றாள். படியிறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸிலும் ஏறிவிட்டேன். போயிட்டாங்க என்றால் எங்கே? ஒரு சொல்லை அப்படியே நம்பி ஒருமுறை பட்டது போதாதா? அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போனேன். நர்ஸ் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள். "வீட்டுக்குத்தாம்மா. ரெண்டு பேரும். புள்ள நல்லா இருக்கு" என்றாள். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன்.

அங்கேயே அந்தச் சின்ன டாக்டரிடம் தாளைக் கொடுத்துவிட்டேன், என் பங்கையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாமாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அவன் எத்தனை கடை பாக்கி வெச்சிருக்கான்? வண்டில போனா சீக்கிரம் முடியும்ல" என்றார். பம்பு அண்ணனும் வருகிறாராம். கை கழுவிவிட்டுத்தான் வேனில் ஏறுவாராம்.

ஞாயிற்றுக்கிழமை வா. கடுகைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாமாவுடன் கிளம்பு. வாசலிலேயே குழாய் இருக்கிறது, சோப்பும் வைத்திருக்கிறேன். முழங்கைவரை கழுவு.

மூக்கு ஒழுகினாலோ, தொண்டை லேசாகக் கரகரத்தாலோகூட வர வேண்டாம்.

டா. துணைக்கால் போட்டிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்.

அக்கா